பாலில் ஃபேட் விழுந்தால் தொட்டியில் என்ன பார்க்க வேண்டும்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தில் பதினோரு வருஷம் டெஸ்டராக இருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கே போசியும் கேனுமாக வரிசை நிற்கும். பாலை வாங்கிக் கலக்கி, மாதிரி எடுத்து, ஃபேட்டும் எஸ்.என்.எஃப்பும் அட்டையில் எழுதித் தருவேன். ஃபேட் என்பது நூறு பங்கு பாலில் எத்தனை பங்கு கொழுப்பு என்பது. எஸ்.என்.எஃப் என்பது கொழுப்பு போக மீதி இருக்கிற புரதம், பால் சர்க்கரை போன்ற திடச்சத்து. அந்த இரண்டு எண்களில்தான் ஒரு வீட்டின் பால் பட்டுவாடா இருக்கிறது. இப்போது அந்த வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் நாலு கறவை, இரண்டு கிடேரி.

இதை எழுதக் காரணம் ஒரு அம்மா. ஒரே ஒரு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருந்தார், நாளுக்கு ஒன்பது லிட்டர் ஊற்றுவார். 4.4, 4.5 என்று ஆடாமல் நின்ற ஃபேட், ஒரு ஐப்பசி மாதம் ஒன்பதே நாளில் 2.8-க்கு இறங்கிவிட்டது. வரிசையில் நின்ற இரண்டு பேர் அவர் காதுபடவே முணுமுணுத்தார்கள். நானும், “என்னங்கம்மா, தண்ணி கிண்ணி சேர்ந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு தலை குனிந்து போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அவருடைய அட்டையைத் திரும்பப் பார்த்தேன். எஸ்.என்.எஃப் 8.6. ஒன்பது நாளும் அங்கேயே நின்றிருந்தது. தண்ணீர் சேர்ந்த பாலில் இது நடக்கவே நடக்காது. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்படியே கட்டுத்தரையையும் பார்த்தேன். அந்தத் தொட்டியில் கண்டதும், சினை ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் பிறகு விளக்கியதும், என் மாடுகளில் நானே செய்து பார்த்ததும்தான் இங்கே எழுதியிருப்பவை.

முதலில் எண்ணைப் படியுங்கள்

பத்து லிட்டர் பால், ஃபேட் 4.4, எஸ்.என்.எஃப் 8.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் ஃபேட் 4.0 ஆகும், எஸ்.என்.எஃப் 7.8 ஆகும். இரண்டும் சேர்ந்தேதான் இறங்கும். தண்ணீர் ஊற்றியே ஃபேட்டை 2.8-க்குக் கொண்டுவர வேண்டுமானால், எஸ்.என்.எஃப் 5.5 அளவுக்குப் போயிருக்க வேண்டும். அதைப் பால் என்றே யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே பாலின் அளவு குறையாமல், எஸ்.என்.எஃப்பும் குறையாமல், ஃபேட் மட்டும் விழுந்தால் தீவனத்தைப் பாருங்கள். டெஸ்டராக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் இரண்டாவது எண்ணையும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதே சமயம், தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் நாலு விஷயம் சரிபார்க்க வேண்டும். கறக்கத் தொடங்கும்போது வருகிற பாலில் ஃபேட் மிகக் குறைவு, கடைசியில் வடிகிற பாலில்தான் நிறைய. அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் ஃபேட் எப்படி வரும்? இரண்டாவது, காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம். இரவு இடைவெளி நீளம் என்பதால் காலைப் பாலில் அளவு கூடும், ஃபேட் குறையும். காலையைக் காலையோடும் மாலையை மாலையோடும்தான் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, கன்று ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்தில், பால் உச்சத்துக்குப் போகும்போது ஃபேட் இயல்பாகவே கீழே நிற்கும். கறவை வற்ற வற்ற ஏறும். நான்காவது, மடிநோய். ஒரு காம்பு மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் தீவனத்தில் நேரத்தைப் போக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

போசியில் கொஞ்ச நேரம் நின்ற பாலில் ஆடை மேலே கூடிவிடும் என்பதும் தெரிந்ததுதான். கலக்காமல் எடுத்த மாதிரி பொய் சொல்லும். உங்கள் பாலை நன்றாகக் கலக்கி மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

மடிக்குள் யார் மடையைத் திறக்கிறார்கள்

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாட்டின் பெருவயிறு ஒரு பெரிய ஊறல் பானை. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்க வைத்துக்கொண்டே இருக்கின்றன. நார் போனால் அசிட்டிக் அமிலம் கூடுதலாக வரும். மாவு போனால் புரோப்பியோனிக் அமிலம் கூடும். பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடி தானே தயாரிக்கிறது. அதற்கு மூலப்பொருள் அந்த அசிட்டிக் அமிலமும், அதோடு வருகிற பியூட்டிரிக் அமிலமும். மீதிப் பாதி, தீவனத்திலிருந்தும் உடம்புக் கொழுப்பிலிருந்தும் இரத்தம் வழியாக மடிக்கு வருவது.

நார் குறைந்தால் மூலப்பொருள் குறையும், அதனால் ஃபேட் விழும் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். ஃபேட் இப்படித் திடீரென்று விழுவது ஒன்றும் புதிதல்ல. 1845-லேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பீட் கிழங்கு தின்ற மாடுகளில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது, அசிட்டிக் அமிலம் அவ்வளவாகக் குறையாத மாடுகளிலும் ஃபேட் பாதாளத்துக்குப் போயிருந்தது. கணக்கு உதைத்தது.

விடை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேல் பாமன் குழுவினரிடமிருந்து வந்தது. புல்லிலும் தவிட்டிலும் தானியத்திலும் உள்ள எண்ணெய் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கு ஆகாது. அவை அதைப் படிப்படியாகக் கெட்டிக் கொழுப்பாக மாற்றித்தான் அடுத்த அறைக்கு அனுப்பும். வயிறு சரியாக இருந்தால் இந்த மாற்றம் ஒரு வழியில் போகும். வயிறு புளித்துப்போனால் வேறு நுண்ணுயிர்கள் தலையெடுத்து, மாற்றம் வேறு தடத்தில் போகும். அந்தத் தடத்தில் பிறக்கிற ஒரு கொழுப்பின் பெயர் டிரான்ஸ்-10, சிஸ்-12 சி.எல்.ஏ. 2000-ஆம் ஆண்டு வெளியான சோதனையில், அதை நாளுக்கு வெறும் 10 கிராம் வீதம் நேராக நாலாவது வயிற்றுக்குள் செலுத்தினார்கள். நாலு நாளில் பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பத்து கிராம் என்பது இரண்டு தேக்கரண்டிதான். அதற்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் மரபணு வருகிறது. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். ஏரி நிறைந்து கிடக்கும், வயலும் உழுது கிடக்கும். ஆனால் அவர் வந்து மடையைத் திறந்தால்தான் தண்ணீர் பாயும். மடியின் ஒவ்வொரு செல்லிலும் கொழுப்பு தயாரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் வயல் மாதிரிக் கிடக்கின்றன. அவற்றுக்கு மடை திறந்துவிடுகிற நீர்க்கட்டி, எஸ்.ஆர்.இ.பி.பி-1 என்ற ஒரு புரதம். அந்தப் பத்து கிராம் கொழுப்பு மடிக்குப் போய் இந்த நீர்க்கட்டியைத்தான் கட்டிப்போடுகிறது. மடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அசிட்டிக் அமிலத்தைக் கொழுப்பாக மாற்றும் நொதி குறைகிறது, இரத்தத்திலிருந்து கொழுப்பை வாங்கும் நொதியும் குறைகிறது. மூலப்பொருள் வாசலில் வந்து நின்றாலும் உள்ளே எடுப்பாரில்லை. பால் சர்க்கரைக்கும் புரதத்துக்கும் வேறு மடை என்பதால் அவை வழக்கம்போலப் பாய்கின்றன. எஸ்.என்.எஃப் ஏன் அசையவில்லை என்பது இப்போது விளங்கும்.

மரபணு மாறிவிடவில்லை. மாடும் அதே மாடுதான், மாறியது மடைதான். திறந்துவிட்டால் மறுபடி பாயும்.

இனத்துக்கும் இதில் பங்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். டி.கேட்-1 என்ற மரபணுவில் ஒரு வித்தியாசம் இருப்பதை 2002-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு செய்கிற புரதத்தின் 232-ஆவது இடத்தில் லைசின் இருந்தால் ஃபேட் கூடும், அலனின் இருந்தால் ஃபேட் குறைந்து பால் அளவு கூடும். நம் நாட்டு மாடுகளைப் போன்ற திமில் மாடுகளில் பெரும்பாலும் லைசின் வகை, எச்.எஃப் என்கிற ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனத்தில் இரண்டும் கலந்து வரும். ஆகவே எச்.எஃப் கலப்பிடம் போய் ஜெர்சியின் ஃபேட்டைக் கேட்க முடியாது. ஆனால் அதே மாடு போன மாதம் கொடுத்த ஃபேட்டை இந்த மாதமும் கேட்கலாம்.

அந்தத் தொட்டியில் என்ன இருந்தது

ஐப்பசி மழை. வைக்கோல் போரில் மிச்சம் இருந்தது நனைந்து கறுத்துப் போயிருந்தது. வெளியில் வாங்கினால் விலை. மகன் ஜவ்வரிசி ஆலையிலிருந்து ஈரத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை, ஒரு டெம்போ இறக்கியிருந்தான். தொட்டியில் காலையும் மாலையும் ஒரு பெரிய அன்னக்கூடைத் திப்பி, அதன்மேல் ரைஸ் மில்லில் வாங்கிய பச்சைத் தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. பசுந்தீவனம் கோ-4 என்கிற கம்பு நேப்பியர் புல்தான், ஆனால் மழைக்குக் கிடுகிடுவென வளர்ந்ததை 25 நாளிலேயே அறுத்துப் போட்டிருந்தார்கள். வைக்கோல் ஒரு கைப்பிடி, பேருக்கு.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். மரவள்ளித் திப்பி பார்க்க நார் மாதிரித்தான் இருக்கும். ஆனால் காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. அது வயிற்றைப் புளிக்க வைத்தது. எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிட்டில் நூற்றுக்கு 12 முதல் 20 பங்கு எண்ணெய் இருக்கும். தப்புத் தடத்தில் போவதற்கு அந்த எண்ணெய் கிடைத்தது. புளிப்பு மட்டும் இருந்தாலோ, எண்ணெய் மட்டும் இருந்தாலோ இவ்வளவு விழுந்திருக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் மடை மூடும். 25 நாள் புல் பாதிக்கு மேல் தண்ணீர், மென்று தின்ன நார் கிடையாது. ஆக, அந்தத் தொட்டியில் இந்த மூன்றும் ஒரே வாரத்தில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

மாடு படுத்திருந்தது, ஆனால் அசை போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்து எண்ணினேன். ஒரு கவளத்துக்கு முப்பத்திரண்டு மெல்லல், விழுங்கிவிட்டது. நல்ல மாடு ஐம்பது, அறுபது தடவை மெல்லும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அசை போட்டால்தான் உமிழ்நீர் ஊறும். கறவை மாட்டுக்கு நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஊறும் அந்த உமிழ்நீரில் இயற்கையான சோடா உப்பு இருக்கிறது. வயிற்றுப் புளிப்பை முறிப்பது அதுதான். சாணி கூழாக, நுரை கட்டிக் கிடந்தது. குச்சியால் கிளறினால் செரிக்காத மக்காச்சோளத் துணுக்கு கண்ணில் பட்டது. வீட்டிலிருந்த மிச்ச மாவையும் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இதையே செய்யுங்கள். தீனி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, மாடு படுத்திருக்கும்போது போய் உட்கார்ந்து மெல்லலை எண்ணுங்கள். இதற்குப் பால் சோதிக்கிற அனலைசர் தேவையில்லை.

முதுகையும் பாருங்கள்

என் பங்காளி ஒருவரிடம் எச்.எஃப் கலப்பு மாடு ஒன்று இருந்தது. இரண்டு மாதமாக மக்காச்சோள மாவை அள்ளிப் போட்டார். பால் கூடியது, ஃபேட் 2.5-க்குப் போனது. ஆனால் மாடு மினுமினுவென்று ஆகிவிட்டது. இடுப்பெலும்பில் கை வைத்தால் மெத்தென்று இருந்தது. “நல்லாத்தான் தின்னுது, ஃபேட் மட்டும் இல்ல, ராசியில்லாத மாடு” என்று புதன்சந்தையில் விற்றுவிட்டார். வாங்கியவர் சோளத்தட்டு போடுகிற ஆள். ஒரு மாதத்தில் அதே மாடு அவரிடம் 3.9 கொடுத்தது. பங்காளிக்கு இன்றுவரை மனது ஆறவில்லை.

மாடு ஏன் மினுமினுத்தது? மடியில் மடை மூடினால், அங்கே போக வேண்டிய சத்து உடம்புப் பக்கம் திரும்புகிறது. அந்தச் சமயத்தில் முதுகுக் கொழுப்புச் செல்களில் அதே நீர்க்கட்டி முன்னைவிடக் கூடுதலாக வேலை செய்வதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஒரே மாடு, ஒரே மரபணு. மடியில் மூடிக்கிடக்கிறது, முதுகில் திறந்து கிடக்கிறது.

இறைச்சிக்காக மாடு வளர்க்கிற நாடுகளில் இதைத்தான் விரும்பியே செய்கிறார்கள். மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்ட பிறகு நானும் இதைத் தேடிப் படித்தேன். தோலுக்கு அடியில் சேர்கிற கொழுப்பு பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்திலிருந்து வருகிறது. தசைக்குள் வெள்ளை நரம்பு மாதிரி ஓடுகிற கொழுப்புக்குப் பெரும்பங்கு குளுக்கோஸிலிருந்து வருகிறது. மாவுத் தீனி புரோப்பியோனிக் அமிலத்தைக் கொடுக்கும், கல்லீரல் அதைக் குளுக்கோஸாக்கும். அதோடு, கெட்டிக் கொழுப்பை ஒலியிக் அமிலம் என்ற இளகிய கொழுப்பாக மாற்றும் எஸ்.சி.டி என்ற நொதியின் மரபணுவும் மாவுத் தீனியில் கூடுதலாக வேலை செய்கிறது. வாயில் வைத்தால் கரைகிறது என்று வாக்யூ என்கிற ஜப்பானிய மாட்டுக் கறியைப் பற்றிச் சொல்வதற்கு அந்த இளக்கம் ஒரு காரணம்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. ஜப்பானில் அந்த வாக்யூ கறுப்பு மாடுகளை 28, 30 மாதம் வரை கொழுக்க வைக்கும்போது, மாவு, தவிடு போன்ற அடர்தீவனத்தோடு நாருக்கென்று போடுவது வைக்கோல். நெல் வைக்கோலேதான். பசும்புல்லில் கரோட்டின் நிறைய இருக்கும், உடம்பில் அது வைட்டமின் ஏ ஆகும். வைட்டமின் ஏ கூடினால் தசைக்குள் புதிய கொழுப்புச் செல்கள் உருவாவதற்கான மரபணுக்கள் அடங்கிப்போகும். அதனால் வளர்ப்பின் நடுக்கட்டத்தில் வைட்டமின் ஏ குறைவாக இருக்கும்படி, கரோட்டின் வற்றிய வைக்கோலைப் போடுகிறார்கள். அளவு தப்பினால் மாட்டுக்குக் கண் போய்விடும், கால் மூட்டு வீங்கிவிடும். ஆகவே இரத்தத்தைச் சோதித்துக்கொண்டேதான் செய்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கறவை மாட்டுக்குப் பசும்புல்லை நிறுத்திவிடாதீர்கள். கறவைக்கும் சினைக்கும் வைட்டமின் ஏ கட்டாயம் வேண்டும். நம் பசுநெய்யின் மஞ்சளும் அந்தக் கரோட்டின் நிறம்தான். எருமை அதை முழுக்க வைட்டமினாக மாற்றிவிடுவதால் எருமை நெய் வெள்ளை.

சரி, நம் தொட்டிக்கு வருவோம்.

மடையைத் திறக்கும் பதினாலு நாள்

முதல் நாளே திப்பியையும் பச்சைத் தவிட்டையும் பாதியாகக் குறையுங்கள். அடுத்த நாலைந்து நாளில் மீதியையும் குறைத்துவிடலாம். ஒரேயடியாக நிறுத்தினால் மாடு தீனி எடுக்காமல் முறைக்கும், பாலும் குறையும். தவிடு வேண்டுமென்றால் எண்ணெய் எடுத்த தவிட்டுக்கு மாறுங்கள். திப்பி மலிவாகக் கிடைக்கிற ஊரில் அதை விட முடியாது, எனக்குத் தெரியும். நான் காய்ந்த திப்பி நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடுவதில்லை. போடும் நாளில் அதே அளவுக்கு மக்காச்சோள மாவைக் குறைத்துவிடுவேன்.

நார் அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோ எடையுள்ள, பத்து லிட்டர் கறக்கிற கலப்பின மாடு, ஈரம் போக நாளுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கிலோ தின்னும். அதில் நூற்றுக்கு அறுபது பங்காவது நார்த்தீவனமாக இருக்க வேண்டும். பசும்புல் 20 கிலோ, வைக்கோல் அல்லது சோளத்தட்டு 4 கிலோ, அடர்தீவனம் 5 கிலோ என்று போட்டால் கணக்குச் சரியாக வரும். பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதை மறந்துவிட்டு, “கூடை கூடையாகப் புல் போடுகிறேனே” என்பவர்கள்தான் அதிகம். கோ-4 புல்லை 45 நாளுக்கு ஒருமுறை அறுங்கள்.

தட்டை வெட்டும் இயந்திரத்தில் நார் பொடியாகிவிடக் கூடாது. விரல் கணு நீளமாவது இருக்கட்டும். பொடி நார் நார்க் கணக்கில் சேரும், ஆனால் மாட்டை மெல்ல வைக்காது. நான் வைக்கோலை வெட்டுவதே இல்லை, அப்படியே உதறிப் போடுகிறேன்.

எதை முன்னால் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாவுத் தண்ணீர் காட்டுவது நம் பழக்கம். அதை மாற்றுங்கள். முதலில் வைக்கோலோ தட்டோ தின்னட்டும். அரை மணி கழித்து அடர்தீவனம். அதையும் ஒரே வேளையில் இரண்டு கிலோவுக்கு மேல் போடாமல், நாளுக்கு மூன்று தடவையாகப் பிரியுங்கள்.

ஆப்ப சோடா நாளுக்கு நூறு கிராம், காலை ஐம்பது, மாலை ஐம்பது, தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். புளிப்பை முறிக்க இது கைகொடுக்கும். ஆனால் நார் போடாமல் சோடாவை மட்டும் நம்புவது வீண். வெயில் காலத்தில் இதன் தேவை கூடும். மாடு மூச்சிரைத்துக்கொண்டே இருந்தால் உமிழ்நீரின் சோடாச் சத்து குறைந்துவிடும், நாரையும் ஒதுக்கிவிட்டு மாவை மட்டும் நக்கும். கோடையில் ஃபேட் விழுவதற்கு இது ஒரு காரணம். வைக்கோலை இரவில் போட்டால், குளிர்ச்சியில் தின்னும்.

பருத்திக்கொட்டையைப் பற்றிக் கேட்பார்கள். நல்ல தீவனம். கொட்டையிலேயே நாரும் எண்ணெயும் இருக்கிறது. முழுக்கொட்டையாகப் போட்டால், மெல்ல மெல்லத்தான் எண்ணெய் வெளிவரும், வயிற்றைத் தாக்காது. ஊறவைத்து ஆட்டிப் போட்டால் எண்ணெய் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். நாளுக்கு ஒரு கிலோ முழுக்கொட்டை என் கணக்கு.

கடைகளில் ஃபேட் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் பாமாயில் கொழுப்பைச் சுண்ணாம்புச் சத்தோடு கட்டியது. பெருவயிற்றில் கரையாது என்பதால் அது தப்புத் தடத்தில் போகாது. நாளுக்கு நூறு, நூற்றைம்பது கிராம் போட்டால் பலன் தெரியும். கன்று ஈன்ற புதிதில், நிறையக் கறக்கிற மாட்டுக்கு நானும் போட்டிருக்கிறேன். ஆனால் மடை மூடிக்கிடக்கும்போது இதை வாங்கிக் கொட்டுவது காசைக் கரைப்பதுதான். முதலில் நார், பிறகு யோசியுங்கள்.

இன்னொன்று. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, மாட்டுப் பொங்கலன்று அன்போடு ஊட்டுகிற பொங்கல். தை மாதம் பொங்கல் முடிந்த இரண்டு மூன்று நாளில், சில வீட்டுப் பாலில் ஃபேட் குறைந்து வருவதை ஒவ்வொரு வருஷமும் அட்டையில் எழுதியிருக்கிறேன். அளவு மீறினால் ஃபேட் போவதோடு நிற்காது, வயிறு முற்றாகப் புளித்து மாடே செத்துப்போகும். நெற்றியில் பொட்டு வையுங்கள், கொம்புக்கு வண்ணம் பூசுங்கள். பொங்கல் ஒரு கைப்பிடி போதும். சோறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்த மாடு எழாமல் கிடந்தால், இடது வயிறு உப்பினால், ஒரு நிமிஷமும் காத்திராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஃபேட் விழுவதற்கு ஒரு வாரம் போதும், ஏறுவதற்குப் பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும். வயிற்றில் பழைய நுண்ணுயிர்கள் மறுபடி பெருக வேண்டும், மடையும் திறக்க வேண்டும். நாலாம் நாள் எண் அசையவில்லை என்று பழைய தீனிக்குத் திரும்பினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொறுமையாக இருங்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு நானே சோளத்தட்டு இருபது கட்டு சொல்லி இறக்கினேன். காசைப் பட்டுவாடாவில் கழித்துக்கொடுத்தார், ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. நாலாம் நாள் 2.9. ஏழாம் நாள் 3.3. பத்தாம் நாள் 3.8. பதினாலாம் நாள் காலை 4.2. அட்டையில் எழுதியதை வரிசைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே படித்தேன்.

இப்போது அவர் வீட்டுத் தினசரி காலண்டரில் பேத்தி பென்சிலால் எழுதி வைக்கிறாள். அன்றைய ஃபேட், எஸ்.என்.எஃப், அதற்குக் கீழே தொட்டியில் என்ன மாறியது என்று ஒரு வரி. “தவிடு புது மூட்டை.” “வைக்கோல் இன்னும் ஆறு நாளைக்குத்தான்.” நானும் அதே மாதிரி எழுதத் தொடங்கியிருக்கிறேன். எண் இறங்கத் தொடங்கினால், ஒரு வாரம் பின்னால் புரட்டிப் பார்ப்பேன். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.